மிலிட்டரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

உங்கள் தெருவிலும் ஒரு 'மிலிட்டரிக்காரர் வீடு' இருக்கும். வழி சொல்லும்போதுகூட அதை வைத்துத்தான் சொல்வோம்: "மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு அடுத்த சந்துங்க." வேலூர், திருவண்ணாமலை பக்கம் போனால் தெருவே அப்படி இருக்கும். வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு. சரி, உங்கள் தெரு மிலிட்டரிக்காரரைக் கடைசியாக எப்போது வெளியே பார்த்தீர்கள்? ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருப்பார். மற்ற 364 நாட்கள்?

அவரே உங்கள் அப்பாவாகவோ, சித்தப்பாவாகவோ, கணவராகவோ இருக்கலாம். அப்படியென்றால் பதில் உங்களுக்கே தெரியும். "எங்கயும் வரமாட்டாருங்க. டி.வி., செல்போன், திண்ணை. கேட்டா கோபம் வரும்."

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவரை வெளியே அழைத்து வர ஒரு வழி இருக்கிறது என்று தன் உடம்பாலேயே காட்டிய ஒரு மேஜரைப் பற்றியும், அந்த வழியில் உங்கள் கையில் இருக்கும் போன் எதற்கெல்லாம் உதவும் என்பது பற்றியும் சொல்கிறோம்.

ரோல்கால் நின்றுபோன பிறகு

முதலில் ஒரு கணக்கு. சிப்பாயாகச் சேர்பவர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ரயிலேறுகிறார். ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு பணி வேண்டும். அதையும் அதற்கு மேல் சில ஆண்டுகளையும் முடித்து, முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் ஊர் திரும்பிவிடுபவர்கள் ஏராளம். நம் மனதில் 'ரிட்டயர்டு' என்றால் நரைத்த தலை. இவரோ இன்னும் பாதி வாழ்க்கை மிச்சம் வைத்திருப்பவர்; பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் முடித்திருக்கமாட்டார்கள்.

படையில் பொழுது விசிலோடு விடியும். பி.டி., பரேடு, மெஸ்ஸில் வரிசை, சாயங்காலம் வாலிபால், ராத்திரி ரோல்கால். ரோல்காலில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் தேடி ஆள் வரும். பதினேழு வருடம் தினமும் தன்னைத் தேட யாரோ இருந்த ஒரு மனிதர், திடீரென்று யாருமே பெயர் கூப்பிடாத ஒரு காலையில் கண் விழிக்கிறார். அவர் எத்தனை மணிக்கு எழுந்தால் யாருக்கு என்ன? ஓய்வூதியம் மாதா மாதம் வந்துவிடும். சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். குறை ஒன்றும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள்.

இது காயம் ஏதும் இல்லாதவரின் நிலை. கண்ணிவெடியில் கால் போனவர், முதுகுத்தண்டில் குண்டு பட்டவர், பக்கத்தில் நின்ற நண்பன் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் என்றால் சுமை வேறு மாதிரி. தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் கை நடுங்கும். ஓட்டலில் கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார். தூக்கம் வராது, வந்தாலும் அலறி எழுவார். சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம், பிறகு நாள் கணக்கில் மௌனம். கேன்டீன் கோட்டாவில் வரும் பாட்டில் சில வீடுகளில் ராத்திரி மருந்தாகவே மாறிவிடுகிறது. இதை மூடி மறைப்பதில் அர்த்தம் இல்லை. 'குணம் கெட்டுப்போச்சு' என்று சொல்லாதீர்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஆபத்து முடிந்தது என்பதை உடம்பு நம்ப மறுக்கும் நிலை அது. மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, சிகிச்சை உள்ள நிலை.

இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்டவர்

1999 ஜூலை 15. கார்கில் போர் நேரம். ஜம்மு பகுதியின் அக்னூர் எல்லையில் டோக்ரா ரெஜிமென்ட்டைச் சேர்ந்த தேவேந்தர் பால் சிங் என்ற இளம் அதிகாரி பணியில் இருந்தார். வயது 25. அவருக்கு மிக அருகே ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்து வெடித்தது. ராணுவ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறந்துவிட்டார் என்றே சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவருக்கு மட்டும் உடம்பில் உயிர் மிச்சம் இருப்பது தெரிந்தது. அந்த ஒருவரால் சிகிச்சை தொடங்கியது.

உயிர் தங்கியது, ஆனால் விலை அதிகம். காயம் அழுகியதால் வலது காலை எடுக்க வேண்டியிருந்தது. குடலில் ஒரு பகுதி போயிற்று, காது கேட்பது குறைந்தது. குண்டுச் சிதறல்கள் பல இன்னும் அவர் உடம்புக்குள்ளேயே இருக்கின்றன.

இதற்குப் பிறகு அவர் ஓடினார் என்பது நாட்டுக்கே தெரிந்த கதை. இந்தியாவின் முதல் 'பிளேடு ரன்னர்' என்று பெயர் வாங்கினார். ஆனால் ஒரு தேதியைக் கவனியுங்கள். அடிபட்டது 1999இல். தில்லி அரை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓட முதன்முதலாக இறங்கியது 2009இல். நடுவில் பத்து வருடம். "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் எழுந்து நடக்க மாட்டேங்கிறாரே" என்று அலுத்துக்கொள்ளும் வீடுகள் இந்தப் பத்து வருடத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டத்துக்கென்றே செய்யப்படும் பிளேடு அவருக்குக் கிடைத்தது 2011இல்தான். அதுவரை சாதாரணச் செயற்கைக் காலோடுதான் ஓட்டம்.

அந்த 2011இலேயே அவர் இன்னொன்றும் செய்தார். நம் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். கை கால் இழந்தவர்களை ஒன்றுசேர்த்து 'தி சேலஞ்சிங் ஒன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். பெயரிலேயே ஒரு குறும்பு உண்டு. ஆங்கிலத்தில் உடல் குறையுள்ளவரை 'சேலஞ்ச்டு', அதாவது சவாலுக்கு ஆளானவர், என்று சொல்லும் வழக்கம் இருந்தது. இவர் அதைத் திருப்பிப் போட்டு, 'சவால் விடுபவர்கள்' ஆக்கிவிட்டார். நம் மாநிலத்தில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதத் தொடங்கினோமே, அந்த ஜாதி மாற்றம்தான்.

குழுவின் அடிப்படை எளிது. நேற்று காலை இழந்தவரிடம், பத்து வருடத்துக்கு முன்னால் இழந்து இன்று ஓடிக்கொண்டிருப்பவர் பேசுகிறார். மருத்துவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அவருக்கு இரண்டு கால் இருக்கிறது. "எல்லாம் சரியாயிடும் தம்பி" என்று இரண்டு கால் உள்ளவர் சொல்வது ஒன்று. பேன்ட்டை மடக்கிச் செயற்கைக் காலைக் காட்டி, "எனக்கும் இந்த இடத்துலதான் புண் வந்துச்சு, இப்படிப் பண்ணு" என்று சொல்வது வேறு. அங்கிருந்து ஓட்டம், சைக்கிள், மலையேற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. படையில் இருந்தவர்களோடு விபத்திலும் நோயிலும் கால் இழந்த சாதாரண மக்களும் அதில் சேர்ந்தார்கள்.

பணியின்போது ஊனமுற்ற வீரர்களின் ஆண்டாக 2018ஐ ராணுவம் அறிவித்திருந்தது. அதையொட்டிய பயிற்சியின் தொடர்ச்சியாக, 2019 மார்ச்சில் நாசிக்கில் மேஜர் சிங் விமானத்திலிருந்து பாராசூட்டில் தனியாகக் குதித்தார். ஒரே காலோடு தரையிறங்குவது எப்படியிருக்கும் என்று நினைத்தாலே நமக்கு வயிறு கலங்குகிறது!

இது இன்று வந்த யோசனை அல்ல

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களைக் கட்டிலில் கிடத்தி வைத்திருந்த காலத்தில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் அம்பெய்தார்கள், 14 ஆண்கள், 2 பெண்கள். எல்லோரும் படையில் இருந்தவர்கள். அந்தப் பதினாறு பேரின் போட்டிதான் வளர்ந்து இன்றைய பாராலிம்பிக்ஸ் ஆனது. அதாவது, நாம் டி.வி.யில் பார்த்துக் கைதட்டும் பாராலிம்பிக்ஸுக்கு வேர் ஒரு ராணுவ வார்டு.

நம் நாட்டிலும் அந்த வேர் உண்டு. முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறக்கினார்கள். 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. நாகாலாந்தின் ஹொகாட்டோ சேமா 2002இல் கண்ணிவெடியில் கால் இழந்தவர். புனே செயற்கைக் கால் மையத்தில் அவருடைய உடற்கட்டைப் பார்த்த ராணுவ அதிகாரி ஒருவர் குண்டெறியச் சொன்னார். அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 2024 பாரிஸில் வெண்கலம்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. கும்பகோணத்தைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரன், மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவு. 2008இல் காஷ்மீரின் குப்வாராவில் கண்ணிவெடி வெடித்து ஒரு காலை இழந்தார். 2019இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் பிளேடு கட்டிக்கொண்டு ஓடி மூன்று தங்கம் வென்றார்.

பதக்கம் வாங்கியவர்களை மட்டும் சொன்னால் ஒரு ஆபத்து இருக்கிறது. "நம்மாள என்ன மெடலா வாங்க முடியும்?" என்று உங்கள் வீட்டுக்காரர் டி.வி. ரிமோட்டை எடுத்துவிடுவார். பதக்கம் இங்கே விஷயமே அல்ல. விஷயம், காலை ஆறு மணி.

நடக்கும்போது என்ன நடக்கிறது?

எதிரெதிரே நாற்காலி போட்டு, "மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வராது. படையில் வளர்ந்தவருக்கு அது விசாரணை மாதிரி. அதே மனிதர் பக்கத்தில் ஒருவரோடு நடக்கும்போது, முகம் பார்க்க வேண்டியதில்லை, மூச்சு வாங்குகிறது, வழி நீளமாக இருக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் தானாக ஒரு வார்த்தை வரும். "அன்னைக்கு ராத்திரி பனி ஜாஸ்திங்க..." என்று ஆரம்பிப்பார். குறுக்கே பேசாமல் நடந்தால் போதும்.

உடம்பின் கணக்கும் உண்டு. அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு இதயம் படபடத்தாலே ஆபத்து என்று தோன்றும். அவரே விரும்பி ஓடி, இதயம் படபடத்து, பிறகு அது தானாக அடங்குவதை வாரக்கணக்கில் பார்க்கும்போது, படபடப்பு என்றால் குண்டு விழப்போகிறது என்று அர்த்தமில்லை என்பதை உடம்பு மெல்லக் கற்றுக்கொள்கிறது. பகலில் உழைத்த உடம்பு ராத்திரி கொஞ்சம் கூடத் தூங்கும். தூக்கம் கூடினால் கோபம் குறையும். வீட்டில் முதலில் கவனிப்பது இதைத்தான்.

மூன்றாவது, ரோல்கால். ஐந்து பேர் கொண்ட நடைக்குழுவில் ஒருவர் வரவில்லை என்றால் நான்கு பேரில் ஒருவர் போன் போடுவார், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று. பதினேழு வருடம் இருந்து நின்றுபோன ஒன்று திரும்ப வருகிறது.

இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஓட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. தூக்கமின்மை, பயக்கனவு, குடி, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு இருந்தால் மனநல மருத்துவரும் ஆலோசனையும் தேவை. நடை அதற்குப் பக்கத்தில் நடக்கும், அவ்வளவுதான். "ஓடினா எல்லாம் போயிடும், மாத்திரையை நிறுத்திடு" என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள்.

கால் பற்றிக் கொஞ்சம்

செயற்கைக் கால் மாட்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றவர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

ஓட்டத்துக்கான பிளேடு கார்பன் இழையால் ஆனது. குதிகால் கிடையாது. மிதிக்கும்போது வளைந்து, எடுக்கும்போது உதைத்துத் தள்ளும். அதை மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் கஷ்டம். அதனால் வீட்டுக்கு ஒரு கால், ஓட்டத்துக்கு ஒரு கால் என்று இரண்டு வேண்டும். ஆனால் நடக்கத் தொடங்க பிளேடு தேவையே இல்லை. இருக்கும் காலே போதும், அது சரியாகப் பொருந்தியிருந்தால்.

பொருத்தம் அங்கேதான் சிக்கல். வெட்டிய இடத்துத் தசை மாதங்கள் போகப்போகச் சுருங்கும். அன்று கச்சிதமாக இருந்த சாக்கெட் இன்று லொடலொட என்று ஆடும், உராயும், புண்ணாகும். நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே வியர்வை வேறு. செயற்கைக் காலோடு நடப்பதற்கே சாதாரணமாக நடப்பதைவிட உடம்பு அதிக சக்தி செலவழிக்கிறது. முழங்காலுக்கு மேல் போயிருந்தால் இன்னும் அதிகம். ஆகவே "அரை கிலோமீட்டர்லயே டயர்டாயிட்டாரு" என்று சிரிக்காதீர்கள். நடந்து வந்ததும் காலைக் கழற்றி, அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு சீக்கிரம் மறையவில்லை என்றால் அடுத்த நாள் ஓய்வு. புண் இருந்தால் ஆறும்வரை மாட்டக் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் மிச்சமிருக்கும் காலையும் தினமும் பார்க்க வேண்டும்.

இல்லாத காலில் வலி எடுக்கிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். அது கற்பனையோ நாடகமோ அல்ல. கால் போனாலும் மூளையில் அந்தக் காலின் வரைபடம் இருக்கிறது. வலி அங்கிருந்து வருகிறது. மருத்துவர்களிடம் அதற்கும் வழிகள் உண்டு.

படையில் இருந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்திப் பயிற்சி கொடுக்கும் ராணுவ மையம் புனேயில் 1944 முதல் இயங்குகிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். அட்டை இருந்தால் அருகிலுள்ள பாலிகிளினிக்கில் தொடங்கலாம். பழைய கால் ஆடுகிறது என்றால் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது போனை எடுங்கள்

முதல் எண் 14416. டெலி மனஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் உண்டு. வீரர் பேச மறுத்தால் நீங்கள் பேசலாம். மனைவிமார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்: ராத்திரி அவர் அலறும்போது கூடவே விழித்திருப்பவர் நீங்கள்தான், உங்கள் தூக்கத்துக்காகவும் அந்த எண்ணை அழைக்கலாம்.

அடுத்தது, மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பலருக்கு இது அடையாள அட்டை வாங்கும் இடமாக மட்டும் தெரியும். ஓய்வூதிய ஆவணத்தில் பிழை, ஊன ஓய்வூதியத்தில் சந்தேகம், பிள்ளைகளின் படிப்புக்கான உதவி, மத்திய சைனிக் வாரிய நிதியுதவிக்கான விண்ணப்பச் சரிபார்ப்பு எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான். வாரியத்தின் உதவிகளுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படைவிடுப்புச் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்துப் போனில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிக் குறைதீர்க்கும் கூட்டங்களும் நடக்கின்றன. தேதியை அந்த அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போவதில் மனுவைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: வராந்தாவில் காத்திருக்கும்போது, "நீங்க எந்த யூனிட்?" என்று யாரோ கேட்பார்கள்.

ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளமும், முகத்தைக் காட்டி ஆயுள் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாண் வசதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டினால் வேலை முடிந்தது. மிக நல்ல வசதி, முடியாதவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் ஒரு பின்விளைவு: சில பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை சட்டையை இஸ்திரி போட்டு வெளியே போக இருந்த ஒரே காரணம் அதுதான். வரிசையில் நின்று புலம்பினாலும் நாலு பேரைப் பார்த்தார்கள். அதனால் நவம்பர் மாதம் வீட்டிலேயே ஆயுள் சான்று எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள், மிச்சமான அந்தக் காலை நேரத்தில் அப்பாவை வேறெங்காவது அழைத்துப் போங்கள்.

எங்கே போவது? தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. உங்கள் மாவட்டத்துப் பாதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எட்டும் நடக்க வேண்டியதில்லை. செயற்கைக் காலுக்கு முதல் வாரம் அரை கிலோமீட்டர் தாராளம். சக்கர நாற்காலி என்றால் நீங்கள் முன்னதாக ஒருமுறை போய் மேடு பள்ளம் பார்த்துவிட்டு வாருங்கள். அவரை நடுவழியில் நிறுத்திவைத்தால் அடுத்த முறை வரமாட்டார்.

குழுவைச் சேர்ப்பது போனின் வேலை. அவர் போனில் பேட்ச்மேட்கள் வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கும், குட்மார்னிங் ரோஜாப்பூக்களும் எப்போதோ நடந்த போரின் வீடியோக்களுமாக. அதில் உங்கள் மாவட்டத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் கிடைத்தாலே போதும். ஒரு இடம், ஒரு நேரம், ஒரு தேதி. லொகேஷனை அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தக் குழுவில் ரோஜாப்பூக்கள் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் "நாளைக்கு 5.45" என்ற செய்திகள் வரத் தொடங்கும். மேஜர் சிங்கின் குழுவும் இணையத்தில் சேர்ந்து, பிறகு சாலையில் ஓடிய குழுதான். திரையில் மட்டும் இருந்திருந்தால் அது இன்னொரு குட்மார்னிங் குழுவாகியிருக்கும்.

சொல்லக் கூடாதவை சில

"நீங்க மிலிட்டரிக்காரர்தானே, இதுகூட முடியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊக்கம் கொடுப்பதாக நினைத்துச் சொல்வோம். அவர் காதில் அது வேறு மாதிரி விழும். பக்கத்தில் நின்றவன் திரும்பாமல் தான் மட்டும் திரும்பியவருக்கு 'வீரன்' என்ற சொல் சில நாட்களில் குத்தும்.

அங்கே என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள், குறிப்பாக விருந்தினர் முன்னிலையில். கதை கேட்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் சொன்னால் கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் அவர் நடப்பதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். முதல் நாள் தடுமாறி நடப்பது உங்களுக்குப் பெருமை. அவருக்கு அது வேறு. ஊருக்குக் காட்டலாம் என்று அவரே நினைக்கும் நாள் வரட்டும்.

முதல் முறை "வரலை" என்பார். அடுத்த ஞாயிறும் "வரலை" என்பார். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் இன்னும் ஒரு உத்தி இருக்கிறது. அவருக்கு உதவ வருகிறேன் என்று போகாதீர்கள். உங்களுக்கு உதவி கேட்டுப் போங்கள். "எனக்கு சுகர் கூடிப்போச்சுங்க, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. தனியாப் போனா ரெண்டு நாள்ல விட்டுடுவேன். நீங்க பி.டி. எல்லாம் பாத்தவரு, கூட வந்து என்னை வெரட்டுங்களேன்." சர்க்கரை கூடியது நிஜமாகவும் இருக்கலாம், நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆறு மணிக்குச் சொன்னால் 5.50க்கே வாசலில் நிற்பார், கவனமாக இருங்கள். நீங்கள் ஆறு ஐந்துக்கு வந்தால் திட்டு விழும்.